அடுத்த வெள்ளி எந்த வெள்ளி?

"அக்கா, உங்க ஆவணம் ஒண்ணு சொல்லுது, ஜோசியர் வேற ஒண்ணு சொல்றார்."

திங்கட்கிழமை காலை. புள்ளியக்கா கைப்பையை மேசைமேல் வைப்பதற்குள், தப்பு தேடும் டெஸ்டர் வந்து நின்றுவிட்டார்.

"ரெண்டுல எது தப்பு?"

"அதைச் சொல்றது என் வேலை இல்ல. ஒத்துப்போகல, அவ்வளவுதான். குறைப்பெட்டியில எழுதிப் போட்டுட்டேன்."

அந்த டெஸ்டருக்கு அலுவலகத்தில் 'சந்தேகம்' என்று பெயர். யாராவது குட்மார்னிங் சொன்னால்கூட ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். ஆனால் நல்ல மனிதர். அவர் கண்ணுக்குத் தப்பிய தவறு என்று அந்தக் கட்டடத்தில் எதுவும் இல்லை.

ஜோசியர் என்பது ஆள் இல்லை. அந்தக் கம்பெனி விற்கும் மென்பொருளுக்குள் ஒரு மூலையில் கிடந்த பழைய கட்டளை. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் 'நாளை மறுநாள்' என்று தட்டி என்டரை அழுத்தினால் தேதியைச் சொல்லும். 'மூன்று வாரம் கழித்து', 'போன மாதத்தின் கடைசி நாள்' என்று எதைக் கேட்டாலும் கண்ணிமைக்காமல் பதில் வரும். அதனால் ஜோசியர். ஊரெல்லாம் இருக்கும் க்ளினிக்குகளுக்கு இந்த மென்பொருள் போயிருந்தது. "மறுபடி அடுத்த வெள்ளி வரச் சொல்லுங்க" என்று டாக்டர் சொன்னால், வரவேற்பில் இருப்பவர் அதை அப்படியே தட்டுவார். ஜோசியர் கொடுக்கும் தேதி நோயாளியின் சீட்டில் அச்சாகும்.

இந்த ஜோசியரை எப்படிக் கேட்பது, கேட்டால் என்ன சொல்வார் என்று விளக்கும் ஆவணத்தை எழுதிப் பராமரிப்பதுதான் புள்ளியக்காவின் வேலை.

அவர் எழுதியதில் ஒரு புள்ளி இடம் மாறியிருக்காது என்பதால் வந்த பெயர் அது. தன் கையால் செய்து பார்க்காத எதையும் அவர் எழுதியதில்லை. ஒருமுறை, கேபிளை எங்கே சொருகுவது என்று எழுதுவதற்காகச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த முதலாளி, யாரோ மயங்கி விழுந்துவிட்டார்கள் என்று தண்ணீரோடு ஓடி வந்தார். லிஃப்ட்டில் 'அதிக எடை ஏற்றக்கூடாது' என்று ஒரு அறிவிப்பு வெகுநாளாக ஒட்டியிருந்தது. மணி அடித்தால் யார் இறங்குவது என்று அதற்குள் தினமும் சண்டை. அக்கா அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'மணி அடித்தால் கடைசியாக ஏறியவர் இறங்கவும்' என்று எழுதி ஒட்டினார். அன்றோடு சண்டை நின்றது. ஐந்தே வார்த்தையில் ஒரு கட்டடத்தையே அமைதியாக்கிய பெண்மணி என்று காவலாளிகூடச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்.

அப்படிப்பட்டவருடைய ஆவணத்தில் குறை!

புள்ளியக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆவணத்தில் இப்படி இருந்தது: 'அடுத்த வெள்ளி' என்று கேட்டால் அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை கிடைக்கும். கறுப்புத் திரையைத் திறந்து 'அடுத்த வெள்ளி' என்று தட்டினார். ஜோசியர் இந்த வாரத்து வெள்ளிக்கிழமையைக் காட்டினார்.

"ஆமா, ஒத்துப்போகல," என்றார் அக்கா. "என் பேர்லதான் தப்பு. இப்பவே திருத்திடறேன்."

'அடுத்த வெள்ளி' என்று கேட்டால் இந்த வாரத்து வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்று மாற்றினார். தட்டிப் பார்த்தார், மறுபடி படித்துப் பார்த்தார். வரி சுத்தமாக இருந்தது. அங்கே ஒரு வழக்கம்: பகலில் யார் எதை மாற்றினாலும், சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகு அத்தனையும் ஒன்றுசேர்ந்து, மறுநாள் காலையில்தான் எல்லாருடைய திரைக்கும் வரும். அக்கா மாற்றியதை அனுப்பிவிட்டு எழுந்தார்.

காப்பி எடுக்கப் போகும் வழியில் ஜன்னலோரம் இருந்த 'ஹெட்போன்' சட்டென்று பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

ஹெட்போன் சமீபத்தில் சேர்ந்த ப்ரோக்ராமர். பிள்ளைகளை வளர்ப்பதற்காக வேலையை விட்டுவிட்டு, வெகு காலம் கழித்துத் திரும்பி வந்திருந்தார். காதில் பெரிய ஹெட்போன். யாரிடமும் பேசமாட்டார். அக்கா கடந்து போகும்போதெல்லாம் மட்டும் இப்படிப் பாதி எழுந்து உட்காருவார்.

'பாவம், நாற்காலி சரியில்ல போலிருக்கு,' என்று நினைத்துக்கொண்டு அக்கா காப்பி எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை சந்தேகம் வாசலிலேயே காத்திருந்தார்.

"மறுபடியும் ஒத்துப்போகல."

"நான்தான் நேத்தே மாத்திட்டேனே?"

"மாத்திட்டீங்க. அதனாலதான் ஒத்துப்போகல."

அக்கா ஓடிப்போய்க் கறுப்புத் திரையைத் திறந்தார். 'அடுத்த வெள்ளி'. என்டர். ஜோசியர் சாவகாசமாக அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமையைக் காட்டினார். மறுபடி தட்டினார். அதே அடுத்த வாரம். பக்கத்து மேசைக் கம்ப்யூட்டரில் தட்டினார். அங்கேயும் அதே.

"நேத்து இந்த வாரம்னு சொல்லுச்சே! நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன். ஆனா நேத்து நான் பார்த்ததை இன்னைக்கு நம்பறது எனக்கு வழக்கமில்ல."

அக்கா நேராக டீம் லீடரிடம் போனார். அவருக்கு 'ஆச்சு சார்' என்று பெயர். எந்த வேலையைச் சொன்னாலும், சொல்லி முடிப்பதற்குள் "ஆச்சு, ஆச்சு" என்பார்.

"சார், ஜோசியரை யாராவது தொட்டாங்களா?"

"ஜோசியரையா? அதை எழுதின மனுஷன் வேலையை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆச்சு. உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. ஓடற வரைக்கும் ஓடட்டும்னு விட்டு வச்சிருக்கோம். அதையெல்லாம் யார் தொடப்போறாங்க? ஆளுக்கு வேலை கொடுக்கறதே இங்க பெரும்பாடா இருக்கு. புதுசா வந்தவங்களுக்கே குறைப்பெட்டியிலேர்ந்து சில்லறை வேலையா பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்துட்டிருக்கேன்."

"அப்போ எப்படி சார் பேச்சு மாறும்?"

"நீங்க நேத்து சரியாப் பார்க்கலையோ என்னவோ. வெள்ளிக்கிழமை ரிலீஸ். எல்லா க்ளினிக்குக்கும் புது மென்பொருள் போகுது. இன்னைக்கே திருத்திடுங்க. ஆச்சா?"

'சரியாப் பார்க்கலையோ' என்ற வார்த்தை அக்காவைச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து யாரும் சொல்லாத வார்த்தை. இந்த முறை அவர் விடவில்லை. ஆச்சு சாரையும் சந்தேகத்தையும் இழுத்துவந்து இரண்டு பக்கமும் உட்காரவைத்துக்கொண்டு, அவர்கள் கண்ணெதிரே தட்டினார். அடுத்த வாரம். மூன்று பேரும் பார்த்தார்கள். மூன்று பேரும் தலையாட்டினார்கள். 'அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை கிடைக்கும்' என்று பழையபடி ஆவணத்தை மாற்றினார்.

"ஆச்சு," என்றார் ஆச்சு சார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கணவர் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். குழந்தைகளுடைய கூச்சலிலேயே நாள் முழுக்க இருப்பதால், வீட்டில் மெதுவாகத்தான் பேசுவார்.

"எங்கக்கா அடுத்த வெள்ளி வர்றாங்களாம். கொஞ்ச நாள் தங்கிட்டுப் போவாங்க."

"அடுத்த வெள்ளின்னா எந்த வெள்ளி?"

"இதென்ன கேள்வி? வர்ற வெள்ளிதான்."

"வர்ற வெள்ளின்னா 'வர்ற வெள்ளி'ன்னு சொல்லியிருப்பாங்க. அண்ணி 'அடுத்த வெள்ளி'ன்னு சொல்லியிருக்காங்க. அது அடுத்த வாரம்."

"எங்கக்காவை எனக்குத் தெரியாதா?"

"இன்னைக்கு மூணு பேர் உட்கார்ந்து பார்த்தோம். ஜோசியரே அடுத்த வாரம்னுதான் சொல்லுது."

"நீ எப்போலேர்ந்து ஜோசியம் பார்க்க ஆரம்பிச்சே?" என்று பயந்து போனார் கணவர்.

விளக்கம் சொல்லி முடிக்கவே சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. ஆனால் மனைவி ஒன்றைச் சரிபார்த்துவிட்டுச் சொன்னால் அதற்கு மறுபேச்சுப் பேசும் துணிச்சல் அவருக்கு இருந்ததில்லை. பேசி ஜெயித்ததும் இல்லை. அண்ணி தங்கப்போகும் அறைக்கு வெள்ளையடிக்கலாம் என்று முடிவாயிற்று. பெயின்டர் வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிடுவதாகச் சொன்னார். இந்த வார வெள்ளிதான் என்று அக்கா அவரிடம் தேதியைச் சொல்லி, அவர் வாயாலேயே ஒரு தடவை சொல்லவும் வைத்தார்.

புதன்கிழமை காலை அலுவலக வாசலில் சந்தேகத்தைக் காணோம். அக்காவுக்கு நிம்மதியாக இருந்தது. உள்ளே போனால், அவர் அக்காவின் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, நேத்து நாம மூணு பேரும் பார்த்தோம் இல்ல?"

"பார்த்தோம்."

"அடுத்த வாரம்தானே சொல்லுச்சு?"

"ஆமா."

அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். ஜோசியர் இந்த வாரத்து வெள்ளிக்கிழமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த முறை ஆச்சு சாரும் கொஞ்சம் ஆடிப்போனார். "மெஷின் சூடாகியிருக்கும்," என்று சொல்லி, யாரையும் கேட்காமல் சர்வரை நிறுத்தி மறுபடி போட்டார். கணக்குப் பிரிவிலிருந்து ஒரே கூக்குரல். காலையிலிருந்து அவர்கள் அடித்ததெல்லாம் காணாமல் போயிருந்தது. அவர்களைச் சமாதானப்படுத்தப் போன ஆச்சு சார் மத்தியானம் வரை திரும்பவில்லை. ஜோசியரோ, கொஞ்சம்கூடச் சூடு ஆறாதவராக, அதே இந்த வார வெள்ளியையே சொன்னார்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் அக்கா டப்பாவைத் திறந்தார். எதிர் மேசையில் ஹெட்போன் தனியாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் தலையணை கனத்தில் ஒரு கட்டுக் காகிதம். அக்கா எழுதிய ஆவணம் முழுவதையும் அச்செடுத்து நூல் போட்டுத் தைத்திருந்தார். வரிக்கு வரி பென்சிலால் அடிக்கோடு. அக்கா பார்ப்பதைப் பார்த்ததும் அவசரமாக அதன்மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்து மறைத்தார்.

'புதுசா வந்தவங்ககூடத் தப்பு எண்ண ஆரம்பிச்சாச்சு,' என்று நினைத்தார் அக்கா. டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார்.

அன்று மாலை வரை அவர் அந்த ஒரு வரியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். 'இந்த வாரம்' என்று எழுதினால் நாளைக்கு அடுத்த வாரம் ஆகிவிடும். 'அடுத்த வாரம்' என்று எழுதினால் இந்த வாரம் ஆகிவிடும். எழுதாமல் விட்டால் ரிலீஸ் போகாது. எதை எழுதினாலும் பொய். பொய் எழுதி அவருக்குப் பழக்கமில்லை.

அப்போதுதான் அவருக்குத் தோன்றியது: இத்தனை நாளில் தன் கண்ணால் பார்த்தது எதுவோ அதை மட்டும் எழுதினால் என்ன? பார்த்ததை எழுதுவதுதானே தொழில் தர்மம்? அடித்து, அழித்து, பெருமூச்சு விட்டு, கடைசியில் இப்படி எழுதினார்:

'அடுத்த வெள்ளி' என்று கேட்டால் சில நேரம் இந்த வாரத்து வெள்ளிக்கிழமை கிடைக்கும், சில நேரம் அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை கிடைக்கும். பயன்படுத்துபவர் இரண்டுக்கும் தயாராக இருக்கவும்.

எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தார். புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. ஆனாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் முகத்தை மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை சந்தேகம் வேறு மாதிரி குறையோடு வந்தார்.

"'சில நேரம் இப்படி, சில நேரம் அப்படி'ன்னு எழுதியிருக்கீங்க. நான் காலையிலேர்ந்து தட்டறேன். விரல் தேஞ்சு போச்சு. ஒவ்வொரு தடவையும் அடுத்த வாரம்தான் வருது. எங்க அந்த 'இப்படி'?"

"பொறுமையா இருங்க. வரும்."

"ஆவணம்னா வந்ததை எழுதணும், வரப்போறதை எழுதக்கூடாதுன்னு நீங்கதானே அக்கா சொல்லிக் கொடுத்தீங்க?"

அக்கா விசைப்பலகையைத் தள்ளி வைத்தார். "இனிமே அந்த வரியை என் கை தொடாது," என்று மட்டும் சொன்னார். சந்தேகம் வழக்கம்போல 'ஒத்துப்போகவில்லை' என்று குறைப்பெட்டியில் எழுதிப் போட்டார்.

அலுவலகமே இரண்டு கட்சியாகியிருந்தது. தேநீர் இடைவேளையில் யாரோ 'அடுத்த செவ்வாய் மீட்டிங்' என்று சொல்லப்போக, அது எந்தச் செவ்வாய் என்று தொடங்கிய விவாதம், ஒருவருடைய கல்யாணத்துக்கு அவருடைய மாமாவே ஒரு வாரம் தாமதமாக வந்து சேர்ந்த கதை வரைக்கும் போய் நின்றது. ஜன்னலோரம் ஹெட்போன் மட்டும் இதில் எதிலும் சேராமல் மும்முரமாக இருந்தார். தலை கலைந்திருந்தது. திரையைப் பார்ப்பார், காகிதத்தில் எதையோ கிறுக்குவார், ஒரு நாணயத்தைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா பார்ப்பார், மறுபடி கிறுக்குவார்.

அக்கா பார்த்தார். 'பொழுது போகாம நாணயம் சுண்டறாங்களே. ஆச்சு சார் ஏதாவது நல்ல வேலையாக் கொடுக்கக்கூடாதா?' என்று அந்த வருத்தத்திலும் அடுத்தவருக்காக ஒரு வருத்தம் பட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை. பெயின்டர் சொன்னபடி சீக்கிரமே வந்து, அண்ணிக்கான அறையில் நாலு சுவருக்கும் முதல் பூச்சுப் பூசி முடித்திருந்தார். கட்டில் கூடத்தில் நின்றது. மெத்தை சமையலறைக் கதவை அடைத்துக்கொண்டிருந்தது. வீடு முழுக்க பெயின்ட் வாடை. அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தால், இரண்டு பெட்டியும் மூன்று பையுமாக அண்ணி.

"என்னடி அப்படிப் பார்க்கற? அடுத்த வெள்ளி வரேன்னு சொன்னேனே!"

புள்ளியக்கா பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்தார். பின்னால் கணவர் நின்றுகொண்டிருந்தார். 'நான் சொன்னேனே' என்று சொல்லிக்காட்ட அவருக்கு அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாழ்க்கையில் கிடைத்திருக்காது. ஆனால் அந்த மனிதர் மெத்தையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு, "அந்தப் பக்கம் பிடிம்மா," என்றுதான் சொன்னார்.

"அண்ணி, எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் அக்கா மெத்தைக்குப் பின்னாலிருந்து. "நீங்க 'அடுத்த வெள்ளி'ன்னு சொன்னா எப்பவும் வர்ற வெள்ளிதானா?"

"பின்ன? கண்ணு முன்னாடி ஒரு வெள்ளி இருக்கும்போது அதைத் தாண்டிக்கிட்டு இன்னொரு வெள்ளிக்கு யாராவது போவாங்களா?" என்ற அண்ணி, தன் அறைக்குள் போய்ச் சுவரில் சாய்ந்தார். சாய்ந்த பிறகுதான் அது ஈரம் என்று தெரிந்தது. வந்த புடவையில் முதுகுப்பக்கம் முழுக்க வெள்ளை.

அண்ணிக்கு மாற்றுப் புடவை எடுத்துக் கொடுத்துவிட்டு அக்கா அலுவலகம் வந்து சேர்ந்தபோது, உள்ளே திருவிழாக் கூட்டம்போல ஒரே சந்தோஷம். சந்தேகம் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவர் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. அன்று சிரித்தார்.

"அக்கா! ஒத்துப்போகுது!"

"என்னது?"

"ஆவணமும் ஜோசியரும்! அச்சு அசலா ஒத்துப்போகுது. வந்து பாருங்க."

அக்கா கறுப்புத் திரைமுன் உட்கார்ந்தார். 'அடுத்த வெள்ளி'. என்டர். இந்த வாரம். மறுபடி என்டர். அடுத்த வாரம். மறுபடி. அடுத்த வாரம். மறுபடி. இந்த வாரம். ஜோசியருக்குச் சித்தம் கலங்கிப்போயிருந்தது. ஒரு தடவை சொன்னதை மறு தடவை சொல்லவில்லை, சொன்னாலும் எப்போது சொல்வார் என்பது தெரியவில்லை.

"எவ்வளவு நுணுக்கமாக் கவனிச்சிருக்கீங்க!" என்றார் சந்தேகம், கண் கலங்க. "எங்க யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. நான்தான் நேத்து அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க. குறைப்பெட்டியில 'ஒத்துப்போகிறது'ன்னு என் வேலைக் காலத்துலயே முதல் தடவையா எழுதியிருக்கேன்."

"ஆச்சு!" என்று கையைத் தட்டினார் ஆச்சு சார். "மத்தியானம் ரிலீஸ். எல்லா க்ளினிக்குக்கும் போயிடும். அக்காவுக்கு எல்லாரும் ஒரு கை தட்டுங்கப்பா."

எல்லாரும் தட்டினார்கள். ஜன்னலோரம் ஹெட்போன் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

புள்ளியக்கா எழுந்து நின்றார்.

"ரிலீஸை நிறுத்துங்க சார்."

கை தட்டல் அங்கங்கே அறுந்து நின்றது.

"எதுக்குக்கா? டெஸ்டரே சரின்னுட்டாரே!" என்றார் ஆச்சு சார்.

"ஒத்துப்போகுதுன்னுதான் சொன்னார், சரின்னு சொல்லல. ஒருத்தர் தையலைப் பிரிக்கறதுக்காக அடுத்த வெள்ளி வரணும். டாக்டர் நினைச்சது ஒரு வெள்ளி, சீட்டுல அடிச்சு வந்தது இன்னொரு வெள்ளின்னா அவர் கதி என்ன? 'ரெண்டுக்கும் தயாரா இருங்க'ன்னு நான் எழுதியிருக்கேன். வலியோட இருக்கறவங்க எதுக்கு சார் தயாரா இருக்கணும்? நாமதானே தயாரா இருக்கணும்?"

"ஆவணத்துல எழுதியிருக்கே, பிறகென்ன..."

"எழுதினது நான்தான். அதான் வெட்கமா இருக்கு. பார்த்ததை எழுதறதுதான் நேர்மைன்னு நினைச்சேன். பார்த்தது தப்பா இருந்தா, எழுதாம எழுந்து நின்னு சத்தம் போட்டிருக்கணும். புதன்கிழமையே போட்டிருக்கணும். இன்னைக்குப் போடறேன். இது வெளிய போகக்கூடாது. போனா நான் இங்க இல்ல."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் கணக்குப் பிரிவிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள். கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

ஆச்சு சார் அட்டையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். சந்தேகம் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க."

சந்தேகம் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் அட்டையையும் கழற்றி, அக்காவின் அட்டைக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்தார்.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு சார். ரெண்டு பேர் சேர்ந்து ஒரே தப்பைச் சொன்னா அதுவும் ஒத்துப்போகத்தான் செய்யும்."

ஆச்சு சார் நாற்காலியில் சாய்ந்தார். மேலிடத்துக்கு என்ன சொல்வது, க்ளினிக்குகளுக்கு என்ன சொல்வது என்று அவர் முகத்தில் வரிசையாக ஓடியது. ஆனால் இத்தனை வருஷம் அவர் அந்தப் பெண்மணியின் வார்த்தையை நம்பித்தான் ஒவ்வொரு ரிலீஸையும் அனுப்பியிருந்தார். போனை எடுத்தார்.

"ரிலீஸ் இன்னைக்கு இல்ல," என்றார் எதிர்முனையில் இருந்தவரிடம். "இல்ல, ஆகல. ஆகலன்னு சொல்றேன்." அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை எல்லாரும் வியந்து கேட்டார்கள்.

போனை வைத்துவிட்டு அட்டையை அக்கா பக்கம் நகர்த்தினார். "எடுத்துக்கோங்க."

அக்கா எடுக்கவில்லை. "நிறுத்தினதுக்கு நன்றி சார். ஆனா நான் போறதுதான் நியாயம். இந்த வாரம் பூரா நான் எழுதினது ஒண்ணுகூட மறுநாள் வரைக்கும் நிக்கல. எனக்குக் கண்ணு போச்சோ, புத்தி போச்சோ தெரியல. காலையில வீட்டுலயும் அதே கதைதான். நாத்தனார் முதுகுல பெயின்ட். எழுதற ஆளுக்குத் தன் கண்ணு மேல நம்பிக்கை போச்சுன்னா அதுக்கப்புறம் எழுதக்கூடாது."

காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

அப்போது ஜன்னலோரத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. எப்போதும் பாதி எழுந்து உட்காரும் ஹெட்போன் அன்று முழுதாக எழுந்து நின்றார். காதிலிருந்ததைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தைத்து வைத்திருந்த அந்தக் கட்டைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தபடி நடந்து வந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் குரலை அன்றுதான் அந்த அலுவலகம் முதல்முதலாகக் கேட்டது.

"போகாதீங்கக்கா, நீங்க எழுதினா தப்பாவே இருக்காதுன்னு தெரிஞ்சுதானே, குறை வந்த நாள்லேர்ந்து நீங்க எழுதினபடியே தினமும் ஜோசியரைத் திருத்திட்டு வர்றேன், அந்த 'சில நேரம் இப்படி, சில நேரம் அப்படி'தான் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு, ஆனா பாருங்க, அதையும் நேத்து எப்படியோ கொண்டுவந்துட்டேன்!"